மாஸ்க் வாங்குவது கடைசி வேலை: பணியிட நச்சு ரசாயனங்களைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டறையில் ரசாயன நெடி அடிக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே மாஸ்க் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எந்த ரசாயனம், காற்றில் எவ்வளவு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது என்பது தெரியாமல் வாங்கிய மாஸ்க், போட்டவருக்குத் தைரியத்தை மட்டும்தான் கொடுக்கும். கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் விடை அடுத்த படிக்கு வேண்டும்.

விளக்கத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: உலோகப் பாகங்களைத் தின்னரில் நனைத்த துணியால் துடைக்கும் மேசை. அந்தத் தின்னரில் டொலுயீன், அசிட்டோன், கொஞ்சம் மெத்தனால் இருக்கின்றன. எளிய வேலைதான், ஆனால் புதியவர்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லாமே இந்த மேசையிலேயே நடக்கும்.

தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, தொழிற்கூடத்தின் கைவரைபடம், அளவு டேப், காற்றோட்டத்தின் திசை பார்க்க மெல்லிய டிஷ்யூ தாளைக் கிழித்த பட்டை. ஊதுபத்தி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தின்னர் இருக்கும் இடத்தில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

இவற்றைவிட முக்கியமானது, அந்த வேலையைத் தினமும் செய்கிறவர் உங்களோடு கூட இருப்பது. அறையில் உட்கார்ந்து போட்ட பட்டியலில் ‘ஷிப்ட் முடிந்ததும் தரையையும் அதே தின்னரால் துடைப்போம்’ என்பது வராது.

1. பட்டியல் போடுங்கள்: டப்பாவில் இல்லாததையும் சேர்த்து

கடையில் வாங்கி வந்த எல்லாவற்றையும் எழுதுங்கள்: பெயர், தயாரிப்பாளர், மாதத்துக்கு எவ்வளவு செலவாகிறது, எங்கே, யார் பயன்படுத்துகிறார்கள். பிறகு வேலையின்போது புதிதாக உண்டாகும் பொருட்களை எழுதுங்கள். பலர் இந்த இரண்டாவது பகுதியை விட்டுவிடுகிறார்கள். ஏனென்றால் அதற்கு டப்பாவும் கிடையாது, லேபிளும் கிடையாது.

துருப்பிடிக்காத எஃகை வெல்டிங் செய்தால் ஆறு இணைதிறன் குரோமியம் கலந்த புகை வரும். துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்தால் துத்தநாக ஆக்சைடு புகை. சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல் போல வரும். குளோரின் கலந்த கரைப்பானால் துடைத்துவிட்டுச் சரியாகக் காயாத உலோகத்தில் வெல்டிங் வைத்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். பிளீச்சிங் திரவமும் அமிலக் கழிப்பறைக் கிளீனரும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வரும். துப்புரவுப் பணியாளர்களின் அலமாரியையும் திறந்து பாருங்கள்.

குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்த தின்னர், பெயர் அழிந்த கேன், ‘பழைய சரக்கு’ என்று மூலையில் கிடக்கும் பேரல் ஆகியவற்றைத் தனியே ஒதுக்குங்கள். என்னவென்று மோந்து பார்க்க வேண்டாம்.

2. பாதுகாப்புத் தரவுத் தாளை இந்த வரிசையில் படியுங்கள்

ரசாயனம் விற்பவர் தரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். முதலிலிருந்து கடைசிவரை படிக்கத் தொடங்கினால் பாதியில் தூக்கம் வரும். இப்படிப் போங்கள்.

பிரிவு 2-இல் தொடங்குங்கள். அங்கே உள்ள, ஆபத்தின் வகையைச் சொல்லும் ‘எச்’ எண்கள்தான் சாரம். எச்314 தோலைக் கடுமையாக எரிக்கும், எச்330 சுவாசித்தால் உயிர்போகும், எச்334 ஆஸ்துமாவை உண்டாக்கலாம், எச்350 புற்றுநோய், எச்360 கருவுறுதிறனையோ கருவையோ பாதிக்கும், எச்372 நீண்டகாலப் பயன்பாட்டில் உறுப்புகளைக் கெடுக்கும். மார்பில் நட்சத்திரம் வெடித்தது போன்ற சின்னம் இருந்தால் அது மெதுவாகக் கொல்லும் வகை. மண்டையோட்டுக்குப் பயப்படுகிறவர்கள் இந்தச் சின்னத்தைப் பொருட்படுத்துவதில்லை. வேலையிடத்தில் வருடக்கணக்கில் ஆளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

அடுத்து பிரிவு 3: கலவையில் என்னென்ன, எத்தனை சதவீதம். வணிகப் பெயரை நம்பாமல், ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள அடையாள எண்ணான காஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டொலுயீன் 108-88-3; பென்சீன் 71-43-2. ஒரே பெயரில் வரும் தின்னரின் கலவை, தயாரிப்பாளர் மாறினால் மாறிவிடும்.

பிறகு பிரிவு 8 (வரம்புகள், பாதுகாப்புக் கருவிகள்), 9 (கொதிநிலை, ஆவியழுத்தம்), 10 (எதோடு சேரக்கூடாது), 11 (உடலில் என்ன செய்யும்), 4 (முதலுதவி). பிரிவு 8-இல் ‘தகுந்த கையுறை அணியவும்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தத் தாளால் பயனில்லை. எந்தப் பொருளால் ஆன கையுறை, எத்தனை நிமிடம் தாங்கும் என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள்.

3. அரை மணி நேரம் நின்று பாருங்கள்: எந்த வழியாகப் போகிறது?

மூச்சு, தோல், வாய். வழி மூன்றுதான். ஆனால் எந்த வழி முக்கியம் என்பதைத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தின்னர் மேசையில் நின்று பார்த்தால் தெரிவது: துடைப்பவர் பாகத்தின் மேல் குனிகிறார், மூக்குக்கும் துணிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நனைந்த துணியை மூடியில்லாத தொட்டியில் போடுகிறார். அது நாள் முழுக்க ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் கை மசியைப் போக்க அதே தின்னரில் கையைக் கழுவுகிறார். கரைப்பான் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். பசை போன தோல் வெடிக்கும். வெடித்த தோல் வழியே ரசாயனம் இன்னும் சுலபமாக உள்ளே போகும். ஆக, மாஸ்க் கொடுத்தாலும் தொட்டியும் கை கழுவலும் அப்படியே இருக்கும்.

ஈயத்தோடு வேலை செய்யும் இடங்களில் வாய்வழி பெரிய விஷயம். கையில் ஒட்டிய தூசி பீடி, டீ கிளாஸ், சாப்பாடு வழியாக உள்ளே போகும். உடுப்பில் ஒட்டியது வீட்டுக்குப் போய்க் குழந்தைகளைத் தொடும். அதனால்தான் உடை மாற்றும் அறையும் சாப்பிடும் இடமும் வேலையிடத்திலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

4. உடல்பாதிப்பை வேகத்தை வைத்துப் பிரியுங்கள்

‘இது விஷமா?’ என்று கேட்பதைவிட ‘பாதிப்பு எப்போது தெரியும்?’ என்று கேட்பது பயன் தரும். என்ன கண்காணிக்க வேண்டும் என்பதை அந்த விடை சொல்லிவிடும்.

*உடனே தெரிபவை.* அமோனியா, குளோரின், வலுவான அமிலங்கள். கண் எரியும், இருமல் வரும், ஆள் தானே விலகிவிடுவார். எரிச்சலே எச்சரிக்கை.

*ஏமாற்றுபவை.* ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் சுமார் 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவில் மோப்பத்திறனையே மழுங்கடித்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று உள்ளே போகிறவர் திரும்புவதில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமே கிடையாது. டைகுளோரோமீத்தேன் என்ற குளோரின் கரைப்பான் உடலுக்குள் சிதைந்து கார்பன் மோனாக்சைடாக மாறும். வேலை முடிந்த பிறகும் ரத்தத்தில் அது ஏறலாம்.

*மணிக்கணக்கில் தாமதிப்பவை.* பாஸ்ஜீன், நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகியவற்றைச் சுவாசித்தவர் லேசான இருமலோடு வீட்டுக்குப் போய்விடுவார். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் தெரியும். நீர்த்த ஹைட்ரோபுளோரிக் அமிலம் பட்ட இடம் முதலில் வலிக்காது. அது உள்ளே இறங்கி ரத்தத்தின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயத்துடிப்பு தடம் புரளும். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாகிப் பார்வை நரம்பைத் தாக்கும்.

*மாதங்கள், வருடங்கள் எடுப்பவை.* பசைகளில் வரும் என்-ஹெக்சேன் கைகால் நரம்புகளைக் கெடுக்கும். முதலில் விரல் நுனி மரத்துப்போகும். ஐசோசயனேட் கலந்த பெயின்ட், ஃபோம் வேலைகளில் ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவுகூட ஆஸ்துமாவைக் கிளப்பும். டொலுயீன், ஸ்டைரீன் காதுகேட்கும் திறனைக் குறைக்கும். இரைச்சலும் சேர்ந்தால் இன்னும் மோசம். பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும். ஆறு இணைதிறன் குரோமியம் மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும், நுரையீரல் புற்றுநோயையும் உண்டாக்கும்.

ஞாயிறு ஓய்வில் தலைவலி, இருமல் குறைந்து வேலை நாளில் திரும்புகிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள். இந்த ஒரு கேள்விக்குச் செலவே இல்லை.

5. அளவைக் கணக்கிடுங்கள், பிறகு அளந்து பாருங்கள்

முதலில் பேப்பரில் ஒரு கணக்கு. 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள மூடிய அறையின் கொள்ளளவு 60 கனமீட்டர். அதில் 100 மில்லி டொலுயீன், அதாவது சுமார் 87 கிராம், முழுதும் ஆவியானால் காற்றில் ஏறக்குறைய 380 பிபிஎம் இருக்கும். ஒரு டீ கிளாஸ் அளவு. அவ்வளவுதான்.

இதை எதோடு ஒப்பிடுவது? எட்டு மணி நேரச் சராசரியாக டொலுயீனுக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அரசு அமைப்பான ஓஷா வைத்த சட்ட வரம்பு 200 பிபிஎம். அதே நாட்டின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 100. தொழிற்சுகாதார வல்லுநர் அமைப்பான ஏசிஜிஐஎச் சொல்வது 20. சட்ட வரம்புகள் பல பத்தாண்டுகள் பழையவை. உங்கள் நாட்டுச் சட்டம் எதைச் சொன்னாலும் அதை மீறக்கூடாது. இலக்காக மட்டும் இருப்பதிலேயே குறைந்த எண்ணை வையுங்கள்.

மூன்று திருத்தங்களை மறக்காதீர்கள்.

கலவையானால் கூட்டுங்கள். டொலுயீன் 12 பிபிஎம், வரம்பு 20: விகிதம் 0.6. அசிட்டோன் 125 பிபிஎம், வரம்பு 250: விகிதம் 0.5. தனித்தனியே இரண்டும் வரம்புக்குள்தான். ஆனால் இரண்டுமே மூளையை மந்தமாக்குபவை என்பதால் கூட்ட வேண்டும். 1.1. ஒன்றைத் தாண்டிவிட்டது.

ஷிப்ட் 12 மணி நேரமானால், வழக்கமாகப் பயன்படும் பிரீஃப்–ஸ்காலா முறைப்படி வரம்பைப் பாதியாக்குங்கள். உள்வாங்கும் நேரம் கூடுகிறது, உடல் வெளியேற்றும் நேரம் குறைகிறது.

பிபிஎம்மை மில்லிகிராமாக்க, மூலக்கூறு எடையால் பெருக்கி 24.45-ஆல் வகுக்க வேண்டும். 20 பிபிஎம் டொலுயீன் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 75 மில்லிகிராம். ஆய்வக அறிக்கை ஒரு அலகிலும் சட்டம் மற்றொரு அலகிலும் இருக்கும்போது இங்கேதான் தடுமாறுவார்கள்.

அளப்பது ஆளின் மூக்கருகே நடக்க வேண்டும். காலரில் ஆவியைப் பிடிக்கும் கரித்தூள் குழாய், இடுப்பில் காற்றை இழுக்கும் சிறு பம்பு. மூக்கிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள். சுவரில் மாட்டிய கருவி சுவரைத்தான் அளக்கும். பம்பின் ஓட்டத்தைத் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் சரிபாருங்கள். இரண்டும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால் அந்த மாதிரியை நம்ப வேண்டாம்.

கையடக்கக் கருவிகளில் இரண்டு பெரிய தவறுகள் நடக்கின்றன. ஒன்று, தீப்பிடிக்கும் வாயு மீட்டர் கத்தவில்லை, எனவே காற்று நல்லது என்பது. தீப்பற்றக் காற்றில் இருக்க வேண்டிய மிகக் குறைந்த ஆவி அளவில் 10 சதவீதம் வந்ததும்தான் அது பொதுவாகக் கத்தும். டொலுயீனுக்கு அது சுமார் 1,100 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியோஷ் குறித்த அளவோ 500. இரண்டு, புறஊதா விளக்கால் ஆவியைக் கண்டறியும் பிஐடி கருவி, 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கோடு எல்லாவற்றையும் காட்டும் என்பது. நம் தின்னரில் உள்ள மெத்தனாலை அது பார்க்காது, டைகுளோரோமீத்தேனையும் பார்க்காது.

6. முதலில் மூலத்தை மாற்றுங்கள், பிறகு காற்றை

வரிசை: அந்தப் பொருளே வேண்டாமென்று ஆக்குவது, மாற்றுப் பொருள், மூடிவைப்பது, உறிஞ்சுவது, வேலை முறையை மாற்றுவது. மேலே இருப்பவை ஆளின் கவனத்தை நம்பியிருப்பதில்லை. அதுதான் வரிசைக்குக் காரணம்.

நம் மேசையில் முதல் நாளே செய்யக்கூடியவை: துணித் தொட்டிக்குத் தானே மூடிக்கொள்ளும் உலோக மூடி, தின்னர் கேனுக்குப் பதில் அழுத்தினால் மட்டும் நனைக்கும் டப்பா, கை கழுவச் சோப்பு. பிறகு கேளுங்கள்: எண்ணெய்ப் பிசுக்குத்தானே, காரச் சோப்புத் தண்ணீரில் போகாதா? பல பாகங்களுக்குப் போகும்.

மாற்றுப் பொருளில் கவனம் தேவை. ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன் நல்ல மாற்று. ஹெக்சேன் உடலில் சிதைந்து உண்டாகும் பொருள்தான் நரம்பைக் கெடுக்கிறது; அத்தகைய பொருளை ஹெப்டேன் அந்த அளவில் உண்டாக்காது. குளோரின் கரைப்பான்களுக்குப் பதில் வந்த 1-புரோமோபுரோப்பேனோ தானும் நரம்பைக் கெடுத்தது. லேபிளில் ஒரு பெயர் மறைந்ததால் ஆபத்தும் மறைந்துவிடாது. படி 2-ஐ மறுபடி செய்யுங்கள்.

உறிஞ்சு குழாயில் நடக்கும் பிழை ஒன்றே ஒன்று: தூரம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாய், மூலத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்தால், அங்கே விநாடிக்கு அரை மீட்டர் வேகம் கிடைக்க மணிக்குச் சுமார் 780 கனமீட்டர் காற்றை இழுக்க வேண்டும். அதே குழாயை 40 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் வேண்டியது சுமார் 2,940. ஏறக்குறைய நான்கு மடங்கு. கைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று குழாயைக் கொஞ்சம் ஒதுக்கினாலே அது பெயருக்குத்தான் ஓடும். டிஷ்யூ பட்டையை மூலத்தின் அருகே பிடியுங்கள். குழாயை நோக்கிச் சாயவில்லை என்றால் இழுக்கவில்லை.

வேலை செய்பவரின் முதுகுப்பக்கம் காற்றாடி வைத்தால், அவர் உடலே தடையாகி முகத்துக்கு முன்னால் சுழல் உண்டாகும். ஆவி அங்கேயே தங்கும். காற்று பக்கவாட்டில் கடந்து போவதுபோல் ஆளை நிறுத்துங்கள்.

7. கையுறை

‘ரசாயனக் கையுறை’ என்று பொதுவாக ஒன்று கிடையாது. நைட்ரைல் ரப்பர் கையுறை ஹெக்சேன் போன்ற பெட்ரோலிய வகைகளைத் தாங்கும், அசிட்டோனைத் தாங்காது. பியூட்டைல் ரப்பர் அசிட்டோனைத் தாங்கும், டொலுயீனைத் தாங்காது. நம் தின்னரில் இரண்டும் இருப்பதால் பல அடுக்குப் பிளாஸ்டிக் படலக் கையுறைதான் சரி. பிடிப்புக்கு அதன்மேல் நைட்ரைல் போடலாம்.

கையுறை கிழியாமலே, பார்வைக்குப் புதிதாகவே இருக்கும்போதும் ரசாயனம் அதன் வழியே ஊடுருவிவிடும். 1996-இல் ஒரு ஆய்வகத்தில் லேடெக்ஸ் கையுறைமேல் விழுந்த சில துளி டைமீத்தைல் மெர்குரி அப்படித்தான் உள்ளே போனது. வேதியியல் பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான் மறு ஆண்டு இறந்தார். எனவே தயாரிப்பாளரின் ஊடுருவல் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கி, அந்த நேரத்துக்கு முன்பே கழற்றிவிடுங்கள்.

8. இப்போது மாஸ்க்

என்95 போன்ற தூசி மாஸ்க் ஆவியை நிறுத்தாது. ஆவிக்குக் கார்ட்ரிட்ஜ், அதாவது ஆவியை உறிஞ்சும் கரித்தூள் நிரப்பிய வடிகட்டி, வேண்டும்; கார்ட்ரிட்ஜின் நிறக்குறியீடு தரத்துக்குத் தரம் மாறும். ஐரோப்பிய முறையில் கரிம ஆவிக்குப் பழுப்பு, அமெரிக்க முறையில் கறுப்பு. மஞ்சள் இரண்டிலும் உண்டு, பொருள் வேறு. நிறத்தை விட்டுவிட்டு அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள்.

அரைமுக மாஸ்க்கின் பாதுகாப்பு மடங்கு 10, முழுமுகத்துக்கு 50 என்பது ஓஷாவின் கணக்கு. டொலுயீன் இலக்கு 20 என்றால் அரைமுக மாஸ்க் 200 பிபிஎம் வரைதான். காற்றை அளக்காமல் இந்தக் கணக்கே போட முடியாது. படி 5 முன்னால் வந்ததற்கு இதுதான் காரணம்.

இந்த மடங்கு, முகத்தோடு ஒட்டினால் மட்டுமே. தாடியோ இரண்டு நாள் முளைத்த முடியோ இருந்தால் ஓரங்களில் கசியும். ஆளுக்கு ஆள் பொருத்தச் சோதனை செய்யுங்கள். கார்ட்ரிட்ஜை ‘நெடி வந்ததும் மாற்றலாம்’ என்று விடாமல் நாள் குறித்து மாற்றுங்கள். மெத்தனால், டைகுளோரோமீத்தேன் போன்றவை சாதாரணக் கரிம ஆவிக் கார்ட்ரிட்ஜைச் சீக்கிரமே தாண்டிவிடும். கழற்றிய மாஸ்க்கை மேசைமேல் திறந்து வைத்தால் கரித்தூள் இரவு முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கும். மூடிய பையில் வையுங்கள்.

தொட்டி, குழி, கிணறு போன்ற மூடிய இடங்களுக்கு இந்த மாஸ்க் எதுவும் ஆகாது. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் வடிகட்ட எதுவும் இல்லை. ஆக்சிஜன், தீப்பிடிக்கும் வாயு, நச்சு வாயு என்ற வரிசையில், மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில் வெளியிலிருந்தே அளந்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிப்பதுதான் இரண்டாவது சாவு.

9. பட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீர், இமையை விரித்துப் பிடித்து. பத்து விநாடியில் போய்ச் சேரக்கூடிய இடத்தில் கண்கழுவி இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை திறந்து ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் குழாயில் தேங்கிய துருத் தண்ணீர்தான் கண்ணில் போகும். உடலில் பட்டால் உடையைக் கழற்றிக்கொண்டே நனையுங்கள். வெட்கப்பட்டு உடையோடு நின்றால் ரசாயனம் தோலோடு ஒட்டியே இருக்கும். அமிலத்தைக் காரத்தால் சமன் செய்யப் பார்க்காதீர்கள், அந்த வினையின் சூடும் சுடும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காதீர்கள்.

ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும் இடத்தில் 2.5 சதவீத கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். தண்ணீரில் கழுவியதும் அதைத் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

10. மருத்துவப் பரிசோதனையும் பதிவேடும்

பரிசோதனையை வேலையில் சேரும் முன் தொடங்குங்கள். பூச்சிமருந்தான ஆர்கனோபாஸ்பேட்டுக்கு, அது குறைக்கும் ரத்த நொதியான கோலினெஸ்டெரேஸ் பார்க்கும்போது ஆளுக்கு ஆள் இயல்பளவு மாறும். முதல் அளவு கையில் இல்லையென்றால் பின்னால் குறைந்ததா என்று சொல்ல வழியில்லை.

மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். டொலுயீனுக்குச் சிறுநீரை ஷிப்ட் முடிவில் எடுக்க வேண்டும்; மறுநாள் காலை எடுத்தால் பெரும்பகுதி வெளியேறியிருக்கும். பழைய முறையான ஹிப்யூரிக் அமிலச் சோதனை, பென்சோயேட் கலந்த குளிர்பானம் குடித்திருந்தாலே ஏறிவிடும். அதற்குப் பதில், டொலுயீன் உடலில் சிதைந்து உண்டாகும் ஆர்த்தோ-கிரெசாலைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் ஈயம் மெதுவாக மாறுவதால் எந்த நேரமும் எடுக்கலாம். ஆனால் ஊசி குத்தும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு. தோலில் ஒட்டிய தூசி அளவைக் கூட்டிக் காட்டும்.

மருத்துவரிடம் ‘கெமிக்கல் வேலை’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். தரவுத் தாளின் 3, 11 பிரிவுகள், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம், கடைசிக் காற்று அளவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்.

புற்றுநோய் வகைகள் இருபது, முப்பது ஆண்டு கழித்து வரும் என்பதால் பிரிட்டனில் இந்தச் சுகாதாரப் பதிவுகளை 40 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது சட்டம். அமெரிக்காவில் வேலை முடிந்த பின் 30 ஆண்டுகள். கம்பெனி மாறலாம், மூடிக்கூடப் போகலாம். வேலையை விட்டுப் போகிறவர் கேட்காவிட்டாலும் அவருடைய அளவுகளின் நகலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எந்த ரசாயனம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதும் அதில் இருக்கட்டும்.